மண்டபம் முதல் தொண்டி வரை: ஊர்ப்பெயர், தெருப்பெயர் மாற்றும் வேலை

முதல் நாள்: மண்டபம் கேம்ப்

ராமநாதபுரத்தில் ஏறும் ராமேஸ்வரம் பஸ் உச்சிப்புளியையும் வேதாளையையும் தாண்டியதும் கண்டக்டர் "கேம்ப்பு எறங்குறவுக வாங்க" என்று குரல் கொடுப்பார். அடுத்தது மண்டபம். ரயில்வேயிலும் அப்படித்தான், மண்டபம் கேம்ப் ஒரு நிலையம், மண்டபம் இன்னொரு நிலையம். சுற்றுலா வருகிறவர்களுக்கு இந்த ‘கேம்ப்’ ஏதோ ராணுவம் தங்கிய இடமாகத் தோன்றும். ராணுவம் அல்ல. இங்கே தங்கவைக்கப்பட்டவர்கள் தோட்டத்துக்குப் போன நம் ஆட்கள்.

1914-இல் பாம்பன் ரயில் பாலம் திறந்து, தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் கப்பல் ஓடத் தொடங்கியதும் இலங்கைத் தேயிலை, ரப்பர்த் தோட்டங்களுக்கு ஆள் போகும் வழி இதுவானது. அதற்கு முன் தூத்துக்குடிப் பக்கம் தட்டப்பாறையில் முகாம் இருந்தது. மண்டபம் முகாமை நடத்தியது இலங்கை அரசு, அதுவும் இந்திய மண்ணில். கங்காணி (தோட்டத்துக்கு ஆள் சேர்க்கும் மேஸ்திரி) கூட்டிவந்தவர்களைச் சில நாள் அடைத்துவைத்து, அம்மை குத்தி, காலரா இல்லை என்று பார்த்துத்தான் வண்டி ஏற்றினார்கள். எந்தத் தோட்டம், என்ன எண் என்று பொறித்த தகரச் சீட்டு ஆளோடு போகும். ஆவணங்களில் அவர்கள் எல்லாருக்கும் ‘கூலி’ என்ற ஒரே பெயர். இப்படிச் சீட்டுக் கட்டி, அரசாங்கமே கப்பலேற்றி அனுப்பியவர்களின் பிள்ளைகளைத்தான் பிற்பாடு அக்கரையில் ‘கள்ளத்தோணி’ என்று ஏசினார்கள். 1948-ஆம் ஆண்டின் இலங்கைக் குடியுரிமைச் சட்டம் அவர்களில் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. 1964 அக்டோபர் 30 அன்று கையெழுத்தான சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பின் திரும்பி வந்தவர்களும், 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பின் படகேறி வந்தவர்களும் இதே மண்டபத்துக்குத்தான் வந்து சேர்ந்தார்கள். அதற்குள் முகாமின் பெயர் ‘அகதிகள் முகாம்’ ஆகியிருந்தது.

2021 ஆகஸ்ட் 28 அன்று சட்டமன்றத்தில் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் ‘இலங்கை அகதிகள் முகாம்’ இனி ‘இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்’ என்று அழைக்கப்படும் என்றார். பெயரோடு பணமும் மாறியது என்பதைச் சொல்ல வேண்டும். மாத உதவித்தொகை குடும்பத் தலைவருக்கு 1,000-லிருந்து 1,500 ரூபாயாகவும், மற்றப் பெரியவர்களுக்கு 750-லிருந்து 1,000 ஆகவும், குழந்தைகளுக்கு 400-லிருந்து 500 ஆகவும் உயர்ந்தது. புது வீடுகளும் அறிவிக்கப்பட்டன. பெயரை மட்டும் மாற்றியிருந்தால் பலகைக்குப் பெயின்ட் அடித்த கதையாகத்தான் முடிந்திருக்கும்.

ஆனாலும் பெயர் மாறிய தூரம் எவ்வளவு என்று பார்க்க வேண்டும். மாநில அரசின் கையில் இருந்தவை மாறின: பலகை, துறைக் கடிதம், உதவித்தொகைப் பட்டியல். ஒன்றிய அரசின் குடியுரிமைச் சட்டம் அவர்களை இன்னும் ‘சட்டவிரோதக் குடியேறி’ என்றே வைத்திருக்கிறது. 2015 ஜனவரி 9 வரை வந்து பதிவு செய்துகொண்டவர்களுக்குத் தண்டனைப் பிரிவுகளிலிருந்து விலக்கு தரும் உள்துறை ஆணை 2025 செப்டம்பரில் வந்தது. அது விலக்கு, குடியுரிமை அல்ல.

யார் கையில் எந்தப் பதிவேடு என்பதை முதலில் எழுதிக்கொள்ளாமல் பெயர் மாற்றத்தில் இறங்கவே கூடாது. மண்டபத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். முகாமின் பெயர் மாநில அரசிடம். ரயில் நிலையத்தின் பெயரை மாநில அரசு தானாக மாற்ற முடியாது. முன்மொழிவு ஒன்றிய உள்துறைக்குப் போய், ரயில்வே, அஞ்சல், இந்திய நில அளவைத் துறை ஆகியவற்றின் கருத்து கேட்கப்பட்டு, ஆட்சேபம் இல்லை என்ற கடிதம் வந்த பிறகே அரசிதழில் வெளியாகும். இதற்கான நெறிமுறை 1953-இல் உள்துறை மாநிலங்களுக்கு அனுப்பியது. மக்கள் பழகிய பெயரைத் தக்க காரணமின்றி மாற்றாதே, உள்ளூர்ப் பற்றை மட்டும் காரணமாகக் காட்டாதே, வரலாற்றுப் பெயரைத் தொடாதே, புதுப்பெயர் பக்கத்தில் வேறெங்கும் இருக்கக் கூடாது என்பவை அதன் சாரம். ஊருக்கும் நகரத்துக்கும் நிர்வாக ஆணை போதும். மாநிலத்தின் பெயருக்கு நாடாளுமன்றச் சட்டம் வேண்டும், 1969 ஜனவரி 14 அன்று நமக்கு நடந்ததுபோல.

அஞ்சல் துறை தனி உலகம். மண்டபம் கேம்ப் அஞ்சலகத்தின் குறியீடு 623519. பக்கத்திலேயே மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்துக்கு ‘மரைன் ஃபிஷரீஸ்’ என்ற பெயரில் அஞ்சலகம், அதன் குறியீடு 623520. அந்த நிறுவனத்தின் தலைமையகம் 1971-இல் கொச்சிக்குப் போய்விட்டது. அஞ்சலகத்தின் பெயர் போகவில்லை.

நிலையப் பெயரிலிருந்து ‘கேம்ப்’பை எடுக்க வேண்டுமா? எங்கள் கருத்து, வேண்டாம். அந்தச் சொல் வசையாக யார் வாயிலும் வரவில்லை. எடுத்துவிட்டால் இந்த வழியாக லட்சக்கணக்கில் ஆட்கள் போனதற்குப் பொது இடத்தில் இருக்கும் தடயமும் போய்விடும். அதற்குப் பதில் நிலையத்தில் நாலு வரி விளக்கப் பலகை வைக்கலாம்.

இரண்டாம் நாள்: பாம்பன், ராமேஸ்வரம், தனுஷ்கோடி

பாம்பன் சாலைப் பாலத்தின் முறையான பெயர் அன்னை இந்திரா காந்தி பாலம். 1988 அக்டோபர் 2 அன்று திறந்தார்கள். எந்த வேன் டிரைவரிடமும் அந்தப் பெயரைச் சொல்லிப் பாருங்கள், ஒரு விநாடி யோசித்துவிட்டு "பாம்பன் பாலமா?" என்பார். ஏற்கெனவே யாரையும் புண்படுத்தாத, இடத்தோடு ஒட்டிய பெயர் இருக்கும்போது மேலே வைக்கும் கௌரவப் பெயர் பேச்சில் ஒட்டாது. 1914-இன் ரயில் பாலத்துக்குப் பதிலாக 2025 ஏப்ரல் 6 அன்று திறந்ததையும் ‘புதுப் பாலம்’ என்றுதான் சொல்கிறார்கள்.

இதற்கு எதிர்ப்பக்கமும் இந்தத் தீவுக்காரர் ஒருவர் பெயரிலேயே இருக்கிறது. 2015-இல் அப்துல் கலாம் மறைந்த சில வாரங்களில் டெல்லியின் ஔரங்கசீப் சாலைக்கும் ஒடிசாவின் வீலர் தீவுக்கும் அவர் பெயர் வைக்கப்பட்டது. தீவில் ஏவுகணைச் சோதனைத்தளம் மட்டுமே, முகவரி எழுத ஆள் இல்லை. அந்த மாற்றம் சத்தமின்றி முடிந்தது. டெல்லிச் சாலையில் வீடும் அலுவலகமும் இருந்தன, வரலாற்று வாதமும் இருந்தது. வழக்குவரை போனது. குடியிருப்பவர்கள் எத்தனை பேர் என்பதே ஒரு பெயர் மாற்றத்தின் எடை.

தங்கச்சிமடம், அக்காள்மடம் வழியாக அரிச்சல்முனை வரை போய்த் திரும்பினோம். சாலையின் எண்ணும் மாறிய ஒன்றுதான். 2010-இல் தேசிய நெடுஞ்சாலைகளுக்குப் புது எண் கொடுத்தபோது 49 என்பது 87 ஆனது. சில கடைகளின் பலகையில் 49 இன்னும் இருக்கிறது. எண்ணுக்கே இப்படி என்றால் பெயருக்குக் கேட்க வேண்டாம். தனுஷ்கோடியில் மாற்ற ஒன்றுமில்லை. 1964 டிசம்பர் புயலில் ஊர் போனது, பெயர் நின்றுவிட்டது.

மூன்றாம் நாள்: வேதாளை, மரைக்காயர்பட்டினம், இடையர்வலசை

இன்று பாதையில் குறைவாக நடந்து, எதை மாற்றுவது, எதை விடுவது என்று பார்த்தோம். கடலோரமாக உச்சிப்புளிப் பக்கம் திரும்பினால் சமூகப் பெயர் தாங்கிய ஊர்கள் வரிசையாக வருகின்றன. மரைக்காயர்பட்டினம், கடல் வாணிகம் செய்தவர்கள் தாங்களே சூடிக்கொண்ட பெயர். இடையர்வலசை, குடிபெயர்ந்து வந்து தங்கியவர்கள் யார் என்று சொல்லும் பெயர். இந்த இரண்டு ஊரிலும் பலகையைப் பார்த்து ஒருவரும் தலைகுனிவதில்லை. இதே கடற்கரையில் ஊருக்குச் சற்றுத் தள்ளி ‘ஹரிஜன் காலனி’ என்று பலகை நின்ற இடங்களின் கதை வேறு. அந்தப் பெயரை அங்கே குடியிருந்தவர்கள் வைத்துக்கொள்ளவில்லை, தொகுப்பு வீடு கட்டிய அலுவலகம் வைத்தது. பள்ளியில் முகவரி கேட்கும்போது, வாடகைக்கு வீடு பார்க்கும்போது, வேலைக்கு விண்ணப்பம் நிரப்பும்போது, ஆளைப் பார்க்கும் முன்பே சாதியைச் சொல்லிவிடுவது அந்தப் பலகை.

2025 ஏப்ரல் 29 அன்று ‘காலனி’ என்ற சொல் அரசு ஆவணங்களிலிருந்தும் பொதுப் புழக்கத்திலிருந்தும் நீக்கப்படும் என்று சட்டமன்றத்தில் அறிவிப்பு வந்தது. அந்தச் சொல் தீண்டாமையின் குறியீடாகவும் வசையாகவும் ஆகிவிட்டது என்பது சொல்லப்பட்ட காரணம். அதே ஆண்டு அக்டோபரில் குடியிருப்பு, தெரு, சாலை, நீர்நிலை ஆகியவற்றின் சாதிப் பெயர்களை மாற்றுவதற்கான அரசாணை வந்தது. ஆதிதிராவிடர் காலனி, ஹரிஜன் குடியிருப்பு, பறையர் தெரு, வண்ணான்குளம் போன்றவை அந்தப் பட்டியலில். பதிலுக்குப் பூக்களின் பெயர், புலவர்கள், தலைவர்கள் பெயர் என்று யோசனையும் இருந்தது. இந்த விவகாரம் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்கும் போயிருக்கிறது. ஆகவே தீர்மானம், கருத்துக் கேட்பு எல்லாம் நடத்துங்கள், ஆனால் உங்கள் ஊருக்கான இறுதி ஆணையைக் கையில் வாங்காமல் பலகைக்கு ஆர்டர் கொடுக்காதீர்கள்.

பெயருக்குள் இருக்கும் வரலாறு கொஞ்சம் கசப்பானது. 1922-இல் சென்னைச் சட்டமன்றத்தில் ஒடுக்கப்பட்டோர் தலைவர் எம்.சி. ராஜா கொண்டுவந்த தீர்மானத்தால்தான் அரசு ஆவணங்களில் இழிபெயர்களுக்குப் பதில் ‘ஆதிதிராவிடர்’ வந்தது. அது மரியாதைக்காகக் கேட்டு வாங்கிய பெயர். ‘ஹரிஜன்’ என்ற பெயரையும் நல்லெண்ணத்தில்தான் கொடுத்தார்கள். அது அவமானமாகி, 1982-இல் சாதிச் சான்றில் அப்படி எழுத வேண்டாம் என்று ஒன்றிய அரசே மாநிலங்களுக்கு எழுத நேர்ந்தது. தண்ணீர்க் குழாயும் சுடுகாட்டுப் பாதையும் தனித்தனியாக இருக்கும்வரை எந்தப் புதுப்பெயரும் இருபது முப்பது ஆண்டில் பழைய கறையைப் பிடித்துக்கொள்ளும். நடுநிலையாகத் தெரிகிற ‘கீழத்தெரு’ சில ஊர்களில் என்ன பொருளில் வழங்குகிறது என்று இங்கே யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை.

தென்னாப்பிரிக்காவின் அனுபவம் இங்கே உதவும். ஜோகன்னஸ்பர்க்கில் கறுப்பின மக்கள் வாழ்ந்த சோஃபியாடவுனை 1955-இலிருந்து இடித்து, வெள்ளையருக்கான குடியிருப்பாக்கி, ‘வெற்றி’ என்று பொருள்படும் ட்ரியோம்ஃப் என்ற பெயரை வைத்தார்கள். 2006-இல் பழைய பெயரே திரும்பியது. நிறவெறிக் கொள்கையை வகுத்த பிரதமரின் பெயர் தாங்கிய ஃபெர்வூர்ட்பர்க் 1995-இல் செஞ்சூரியன் ஆனது, யாருடைய பெயரும் அல்லாத ஒன்று. கிரஹாம்ஸ்டவுன் 2018-இல் மகாண்டா ஆனது. ஆங்கிலேயப் படைத்தலைவரை எடுத்துவிட்டு அவர்களை எதிர்த்தவரின் பெயர். மீட்பது, நடுநிலையாக்குவது, எதிர்ப்பெயர் வைப்பது என்று மூன்று வழி. மூன்றாவது வழியில்தான் வழக்கும் சண்டையும் அதிகம்.

நம் மாவட்டத்துக்கு இது புதிதல்ல. 1985-இல் பழைய ராமநாதபுரம் மூன்றாகப் பிரிந்தபோது ஒன்று பசும்பொன் முத்துராமலிங்கத் தேவர் மாவட்டம், இன்னொன்று காமராஜர் மாவட்டம். 1997-இல் பட்டியல் சமூகத்தவரான கட்டபொம்மனின் தளபதி வீரன் சுந்தரலிங்கம் பெயரில் போக்குவரத்துக் கழகம் அறிவிக்கப்பட்டதும் தென்மாவட்டங்களில் கலவரம். கடைசியில் எல்லா மாவட்டங்களிலிருந்தும் கழகங்களிலிருந்தும் தலைவர் பெயர்கள் ஒரேயடியாக எடுக்கப்பட்டு, அந்த இரண்டு மாவட்டங்களும் சிவகங்கை, விருதுநகர் என்று ஆயின. தெருவுக்குத் தலைவர் பெயர் வைக்க ஆசைப்படுகிறவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. இந்த மாவட்டத்தில் ஒரு தலைவர் பெயர் எழுந்தால் மறுநாளே எதிர்த்தெருவில் இன்னொரு பெயர் எழும். பூப்பெயர் சப்பென்று இருக்கலாம். ஆனால் மல்லிகைத் தெருவுக்காக யாரும் கல் எறிய மாட்டார்கள். அதைவிட நல்லது, அந்தத் தெருவின் மரம், ஊரணி, துறை, பழைய கிணறு ஆகியவற்றின் பெயர். அது அங்கே இருப்பவர்களின் வாயில் ஏற்கெனவே இருக்கும்.

நான்காம் நாள்: கீழக்கரை

கீழக்கரையின் பழைய தெருக்கள் வடக்குத் தெரு, தெற்குத் தெரு, நடுத்தெரு என்று திசையும் இடமும் சொல்லி நிற்பவை. மாற்ற ஒன்றுமில்லாத ஊரில் உட்கார்ந்து மாற்றும் காகித வேலையை எழுதுகிறோம். இந்தப் பதிவு நீளும்.

நாற்பது வீடுள்ள ஒரு தெரு என்று வைத்துக்கொள்வோம். முதல் வேலை மனு எழுதுவதல்ல, அட்டவணை போடுவது. வீட்டுவரி ரசீது, மின் இணைப்பு அட்டை, குடும்ப அட்டை, வாக்காளர் பட்டியல், ஆதார், பத்திரம் ஆகிய ஆறிலும் தெருப்பெயர் எப்படி இருக்கிறது என்று வீடுவீடாகக் குறித்தால் ஒரே தெருவுக்கு மூன்று நாலு பெயர் கிடைக்கும். ஒன்றில் ‘காலனி’, ஒன்றில் ‘காலனித் தெரு’, ஒன்றில் வெறும் வார்டு எண். தீர்மானத்தில் இவற்றில் ஒன்றை மட்டும் பழைய பெயராக எழுதினால் மற்றப் பெயரில் இருக்கும் வீடுகள் ஒவ்வொரு அலுவலகத்திலும் "இது வேற தெருவுல்ல?" என்ற கேள்வியில் மாட்டும். எல்லா வடிவங்களையும் எழுத வேண்டும்.

அடுத்து எல்லை. கிராம நிர்வாக அலுவலரிடம் புலப்படம் பார்த்து, தெரு எந்தப் புல எண்ணில் (சர்வே எண்) தொடங்கி எதில் முடிகிறது என்று சிறு வரைபடம் போட்டுச் சேர்க்க வேண்டும். வருவாய்க் கிராமத்தின் பெயரைத் தொடாதீர்கள். பட்டா, அ-பதிவேடு, அடங்கல் எல்லாம் வருவாய்க் கிராமத்தின் பெயரிலும் புல எண்ணிலும்தான் நிற்கின்றன. தெரு அல்லது குக்கிராமத்தின் பெயர் மாறுவதால் பட்டாவுக்கு ஒரு சேதமும் வராது. வருவாய்க் கிராமப் பெயர் என்றால் முதல் நாள் சொன்ன டெல்லிவரை போகும் பாதை.

புதுப்பெயரை மூன்றாவது வேலையாக வையுங்கள், முதலாவதாக அல்ல. மூன்று பெயரை விருப்ப வரிசையில் கொடுக்க வேண்டும். அதே ஊராட்சியிலோ அதே அஞ்சல் குறியீட்டிலோ அந்தப் பெயர் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பாரதி நகர், அண்ணா நகர், காமராஜர் நகர், இந்திரா நகர் இல்லாத ஊர் தமிழ்நாட்டில் ஏது? ராத்திரி இரண்டு மணிக்கு 108 வண்டி தவறான பாரதி நகரில் போய் நிற்பதுதான் இதன் விலை. ஆங்கில எழுத்துக்கூட்டலையும் அப்போதே முடிவு செய்துவிட வேண்டும். 2020 ஜூனில் 1,018 ஊர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலைத் தமிழ் ஒலிப்புக்கு ஏற்ப மாற்றி வந்த ஆணை, படிக்கவே வாய் வராத கூட்டல்களால் கேலிக்கு ஆளாகி, சில நாளில் திரும்பப் பெறப்பட்டது. ஒரு உயிரெழுத்தைக் கூடுதலாகப் போட்டால் வங்கிக் கணினி அதை வேறு ஊர் என்று எடுத்துக்கொள்ளும்.

ஊராட்சியில் கிராம சபை, பேரூராட்சியிலும் நகராட்சியிலும் மன்றத் தீர்மானம். கிராம சபை ஆண்டுக்கு ஆறு நாள்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. கோரம், அதாவது கூட்டம் செல்லுபடியாக வரவேண்டிய குறைந்தபட்ச ஆட்கள்: மக்கள்தொகை 500 வரை 50 பேர், 3,000 வரை 100 பேர், 10,000 வரை 200 பேர், அதற்கு மேல் 300 பேர். இந்த மாவட்டத்துக்கென்று ஒரு கணக்கு உண்டு. செப்டம்பர் 11 பரமக்குடியில் இமானுவேல் சேகரன் நினைவு நாள், அக்டோபர் 30 பசும்பொன்னில் தேவர் குருபூஜை ஆகிய நிகழ்ச்சிகளையொட்டி ஆண்டுதோறும் தடையுத்தரவு, போலீஸ் குவிப்பு. அக்டோபர் 2 கிராம சபை அந்த இடைவெளிக்குள் விழுகிறது. அன்று சாதிப் பெயர் மாற்றம் என்ற பொருளை எடுத்தால் ஒத்திவைப்பது நிச்சயம், கைகலப்பும் வரலாம். ஆகஸ்ட் 15 அல்லது ஜனவரி 26 பார்த்து வையுங்கள்.

கிராம சபையில் வேலை கெடுவது பெரும்பாலும் ஒரே வழியில்தான். நாற்பது வீட்டின் பெயரை முடிவு செய்ய நானூறு வீட்டுக்காரர்கள் கை தூக்குவார்கள். "இவ்வளவு நாளா இருந்த பேருதானய்யா, இப்ப என்ன வந்துச்சு" என்று ஒரு பெரியவர் எழுந்து பேசினால் கூட்டம் அந்தப் பக்கம் சாய்ந்துவிடும். இதைத் தவிர்க்க, தெருவில் குடியிருப்பவர்களின் தனிக்கூட்டத்தை முன்கூட்டியே நடத்தி, வீட்டுக்கு ஒரு கையெழுத்து வாங்கி, கதவு எண்ணோடு மனுவில் இணைக்க வேண்டும். பெண்களின் கையெழுத்தைத் தனியாகக் கேட்டு வாங்குங்கள். முகவரியைப் பள்ளியிலும் மருத்துவமனையிலும் சொல்லிச் சொல்லிச் சலித்தவர்கள் அவர்கள்தான், பெயரிலும் அவர்கள் தேர்வு வேறாக இருக்கும்.

தீர்மான வாசகம் இப்படி இருந்தால் பின்னால் தொல்லை குறைவு:

"புல எண் … முதல் … வரை, கிழக்கே … மேற்கே … எல்லைக்குள் உள்ளதும், பதிவேடுகளில் …, …, … எனப் பலவாறு குறிக்கப்பட்டுவந்ததுமான தெரு, … ஆம் தேதி முதல் தமிழில் ‘…’ எனவும் ஆங்கிலத்தில் ‘…’ எனவும் வழங்கப்படும். கதவு எண்களில் மாற்றம் இல்லை. முன்னர் குறித்த பெயர்கள் அனைத்தும் இத்தெருவையே குறிக்கும்."

கதவு எண் வரி முக்கியம். பெயர் மாற்றும் சுறுசுறுப்பில் எண்ணையும் புதிதாகப் போடும் அலுவலகங்கள் உண்டு. இரண்டும் ஒரே நேரத்தில் மாறினால் பழைய ஆவணத்தோடு பொருத்திப் பார்க்க ஒரு பிடியும் இருக்காது.

ஆணை வந்தபின் நகல் வட்டாட்சியர், சார்பதிவாளர், மின்வாரியப் பிரிவு அலுவலகம், அஞ்சலகம், வட்ட வழங்கல் அலுவலர், வாக்காளர் பதிவு அலுவலர், காவல் நிலையம் ஆகிய ஏழு இடத்துக்குப் போக வேண்டும். அதிகம் மறந்துபோவது சார்பதிவாளர் அலுவலகம். நகர்ப்புறங்களில் நிலத்தின் வழிகாட்டி மதிப்பு தெருப்பெயர் வாரியாகத்தான் பதிவாகியிருக்கிறது. அந்தப் பட்டியலில் புதுப்பெயர் ஏறாவிட்டால் பத்திரம் எழுதும் அன்று தெருவையே காணோம் என்று வரும். பழைய பத்திரத்தைத் திருத்த வேண்டியதில்லை. புல எண்ணும் நான்கெல்லையும் மாறவில்லை. அடுத்த பத்திரத்தின் சொத்து விவரத்தில் பழைய தெருப்பெயரை ஒருமுறை குறித்தால் தொடர்ச்சி நிற்கும். அந்த ஒரு இடத்தில் தவிர வேறெங்கும், பலகையிலோ ரசீதிலோ, புதுப்பெயருக்குப் பின்னால் பழைய பெயரை அடைப்புக்குறிக்குள் போட விடாதீர்கள். பலர் "அடையாளத்துக்காக" என்று அதைத்தான் செய்கிறார்கள். அப்படிச் செய்தால் மாற்றமே நடக்கவில்லை என்று பொருள்.

ஆதாரில் முகவரி திருத்தக் கட்டணம் 75 ரூபாய். புதுப்பெயர் உள்ள ஏதாவது ஓர் ஆவணம் கேட்பார்கள். ஆகவே வரிசை முக்கியம். முதலில் வீட்டுவரி ரசீதும் மின் கட்டண ரசீதும், அப்புறம் குடும்ப அட்டை, அப்புறம் ஆதார், கடைசியில் வங்கி. வாக்காளர் அட்டைக்குப் படிவம் 8. ஆனால் தெருவின் பெயரே பட்டியலில் தவறாக இருந்தால் நாற்பது பேர் தனித்தனியாகப் படிவம் கொடுப்பதைவிடப் பதிவு அலுவலர் வாக்காளர் பட்டியல் பாகத்தின் பிரிவுப் பெயரைத் திருத்துவதே சரி.

வீட்டுக்காரர்கள் தயங்கும் ஒரு கேள்விக்கு முன்கூட்டியே பதில் வைத்திருங்கள்: "காலனின்னு இல்லாட்டா நாளைக்கு எங்க புள்ளைகளுக்குச் சாதிச் சான்று கெடைக்குமா, தாட்கோ லோன் கெடைக்குமா?" கிடைக்கும். சான்று பெற்றோரின் சான்றையும் விசாரணையையும் வைத்துத் தரப்படுவது, தெருப்பலகையை வைத்து அல்ல. இதைக் கூட்டத்திலேயே வருவாய் ஆய்வாளரைக் கொண்டு சொல்லவைப்பது பாதி வேலையை முடித்துவிடும்.

ஐந்தாம் நாள்: தேவிபட்டினம், தொண்டி

கிழக்குக் கடற்கரைச் சாலையில் தேவிபட்டினம், திருப்பாலைக்குடி தாண்டித் தொண்டிவரை. இன்று பலகைகள்.

இந்தக் கடற்கரையில் இரும்புத் தகடு நிலைக்காது. பழைய பலகையின் மேலேயே புதுப்பெயரை எனாமலில் எழுதினால் இரண்டு கோடைக்குள் உப்புக்காற்றில் பெயின்ட் கொப்புளித்து உரியும். அடியில் தடித்த எழுத்தில் பழைய பெயர் எட்டிப்பார்க்கும். வினைல் ஸ்டிக்கர் அதைவிட மோசம், ஓரத்திலிருந்து சுருண்டு வரும். பழைய தகட்டையே பயன்படுத்துவதானால் கம்பி பிரஷ்ஷால் வெறும் இரும்பு தெரியும்வரை சுரண்டி, நல்ல தண்ணீரில் கழுவிக் காயவைத்து, அன்றே எபாக்சி பிரைமர் அடிக்க வேண்டும். கழுவாமல் அடித்தால் பெயின்டுக்கு அடியில் மாட்டிய உப்பு ஈரத்தை இழுத்து அங்கிருந்தே துரு கிளம்பும். வெறும் ரெட் ஆக்சைடு இங்கே போதாது. செலவு செய்ய முடிந்தால் அலுமினியக் கலவைப் பலகையும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போல்ட்டும். சிமென்ட் பலகை என்றால் உள்ளே கம்பிக்கு மேல் 4 செ.மீ. கனமாவது இருக்க வேண்டும், உப்புத்தண்ணீரில் கலவை போடக் கூடாது. எழுத்து 10 செ.மீ. உயரம், தெருவின் இரண்டு முனையிலும் ஒன்று. ஒரு முனையில் மட்டும் வைத்தால் மறுமுனையில் பழைய பெயரே வழங்கும்.

பலகையை மாற்றியவர்கள் அடிக்கடி விட்டுவிடுவது கல்வெட்டுகளை. மேல்நிலைத் தொட்டி, அங்கன்வாடி, ரேஷன் கடை, தொகுப்பு வீட்டுத் திறப்புவிழாக் கல் எல்லாவற்றிலும் பழைய பெயர் வெட்டப்பட்டிருக்கும். தொட்டி உயரத்தில் இருப்பதால் நெடுஞ்சாலையிலிருந்தே தெரியும். பள்ளிப் பெயர் இன்னும் ஆழமானது, மாற்றுச் சான்றிதழில் ஏறி ஆயுள் முழுக்கக் கூட வருவது. 2024 ஜூனில் நீதிபதி கே. சந்துரு குழு தந்த அறிக்கை, அரசுப் பள்ளிகளின் பெயரில் ‘கள்ளர் சீரமைப்பு’, ‘ஆதிதிராவிடர் நல’ போன்ற முன்னொட்டுகளை எடுத்து வெறும் அரசுப் பள்ளி என்று ஆக்கப் பரிந்துரைத்தது. தெருத் தீர்மானத்தோடு பள்ளியின் பெயருக்கும் தனி மனு கொடுங்கள். இரண்டும் வெவ்வேறு துறை, ஒன்று மற்றொன்றைத் தானாக இழுத்துக்கொண்டு வராது.

பஸ் நிறுத்தம் இருந்தால் போக்குவரத்துக் கழகக் கிளைக்கும் நகல் கொடுக்க வேண்டும். டிக்கெட் மெஷினில் நிறுத்தத்தின் பெயர் மாறாதவரை தாளில் அச்சாகி வருவது பழையதுதான். கைபேசி வரைபடத்தில் பெயரைத் திருத்தக் கோரிக்கை அனுப்பும்போது புதுப் பலகையின் படத்தை இணையுங்கள். ஒரே ஆள் திரும்பத் திரும்ப அனுப்புவதைவிடத் தெருவிலிருந்து ஐந்தாறு பேர் தனித்தனியாக அனுப்பினால் விரைவில் ஏறும்.

தொண்டி பேருந்து நிலையத்தில் டீ குடித்துக்கொண்டே ஒரு கேள்வி வந்தது: எல்லாம் சரியாக மாறிவிட்டதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? ஆணை வந்து ஆறு மாதம் கழித்து, புதுப்பெயரை மட்டும் எழுதி ஒரு ஸ்பீட் போஸ்ட் அனுப்புங்கள். கேஸ் ஏஜென்சியில் முகவரியைத் திருத்திவிட்டு ஒரு சிலிண்டர் புக் செய்யுங்கள். தபால்காரர் பழைய பெயரைக் கேட்டுவிட்டுத்தான் கொடுத்தார் என்றால் அஞ்சலகத்துக்கு நகல் போகவில்லை. சிலிண்டர் வண்டி பக்கத்துத் தெருவில் நின்று போன் செய்தால் இரண்டாவது முனையில் பலகை வைக்கவில்லை.